உறுதிமொழி தொழிலாளியிடம், அதிகாரம் முதலாளியிடம்

ஆண்டுதோறும் மார்ச் 4 அன்று நாடெங்கும் ஆலை வளாகங்களில் தொழிலாளர்கள் வரிசையாக நிறுத்தப்படுகின்றனர். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நாள் அது. கொடி ஏறுகிறது, பதாகைகள் கட்டப்படுகின்றன, வலக்கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கப்படுகிறது. விதிகளை மீறமாட்டேன், விபத்தைத் தவிர்க்க இயன்றதெல்லாம் செய்வேன் என்ற பொருளில் அமைந்த அந்த உறுதிமொழியை உரத்துச் சொல்லக் கடமைப்பட்டவர் தொழிலாளி. காப்பு கழற்றப்பட்ட எந்திரத்தில் ஆளை நிறுத்தமாட்டேன், பழுதான வால்வை மாற்றாமல் உற்பத்தியைத் தொடங்கமாட்டேன் என்று நிர்வாக இயக்குநர் கைநீட்டி உறுதியேற்றதாகக் கேள்வியில்லை.

இந்தச் சடங்கு இப்போது ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளுக்கும் ஏறிவிட்டது. பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமான செபியின் ஆணைப்படி, சந்தை மதிப்பில் முதலிடங்களில் உள்ள 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தமது பொறுப்புணர்வு குறித்துத் தனி அறிக்கை வெளியிட்டாக வேண்டும். ஒன்பது கோட்பாடுகள் கொண்ட அந்த அறிக்கையின் மூன்றாவது கோட்பாடு ஊழியர் நலம் பற்றியது. எத்தனை பேருக்குத் திறன் பயிற்சி, எத்தனை பேருக்கு மருத்துவக் காப்பீடு, எத்தனை விபத்து என்று கட்டம் கட்டமாக நிரப்பப்படுகிறது. யோகா வகுப்பு, மன அழுத்தத்துக்கு உதவி எண், குடும்ப விழாப் புகைப்படங்கள் ஆகியன கட்டத்துக்கு வெளியே அலங்காரமாக நிற்கின்றன. 'ஊழியர்களே எமது பெருஞ்செல்வம்' என்ற வாசகம் ஏதேனும் ஒரு பக்கத்தில் இருந்தே தீரும்.

ஒன்றிய அரசின் தொழிற்சாலை ஆலோசனை மற்றும் தொழிலாளர் நிறுவனங்களுக்கான தலைமை இயக்ககம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தந்த கணக்கு வேறு கதையைச் சொல்கிறது. 2017க்கும் 2020க்கும் இடையில், பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 1,109 தொழிலாளர்கள் விபத்தில் மாண்டனர். நாளொன்றுக்கு மூன்று பேர். கட்டுமானத் தளம், செங்கல் சூளை, சுரங்கம், சாக்கடைக் குழி ஆகியவற்றில் மாண்டவர்கள் இக்கணக்கில் சேரார். பதிவே பெறாத பட்டறைகளின் சாவுகளுக்குக் கணக்கே கிடையாது.

நிறுவனம் வழங்குவதும் நிறுவனமே அளப்பதுமான பாதுகாப்பு, உற்பத்திக்கு இடையூறாகாத வரைதான் செல்லும். ஆபத்து தெரிந்த கணத்தில் எந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. நலத்திட்ட அறிக்கைகள் எழுதப்படுவது இந்தக் கேள்வி எழாமலிருக்கத்தான்.

மானேசரில் ஓர் உறுதிமொழி, புனேவில் ஒரு சாவு

2024 மே மாதம் வட இந்தியா கடும் வெப்ப அலையில் தகித்துக்கொண்டிருந்தது. ஹரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில் தொழிலாளர்களை வேறோர் உறுதிமொழி எடுக்கச் செய்தனர். குறிக்கப்பட்ட லாரிகளிலிருந்து சரக்கை இறக்கி முடிக்கும் வரை கழிப்பறைக்கோ தண்ணீர் குடிக்கவோ போவதில்லை என்பது அதன் சாரம். செய்தி நாளேடுகளில் வெளியானதும் தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து அறிவிக்கை அனுப்பியது. நிறுவனமோ, அது துரதிர்ஷ்டவசமான தனிப்பட்ட நிகழ்வு என்றது. ஒரு மேற்பார்வையாளரின் அத்துமீறல் என்று வைத்துக்கொண்டாலும், அவர் கழுத்தில் இலக்கைக் கட்டித் தொங்கவிட்டது யார்? மணிக்கு இத்தனை பெட்டி என்ற கணக்கை அவர் தம் வீட்டிலிருந்து எடுத்து வந்தாரா?

சரக்கு மூட்டை சுமப்பவருக்கு மட்டும் நேர்வதல்ல இது. அதே ஆண்டு ஜூலையில், எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற பன்னாட்டுத் தணிக்கை நிறுவனத்தின் புனே அலுவலகத்தில் பணியில் சேர்ந்து நான்கே மாதங்களான 26 வயதுப் பட்டயக் கணக்காளர் ஒருவர் இறந்தார். ஓய்வின்றி வேலை வாங்கியே மகளைக் கொன்றுவிட்டனர் என்று அவருடைய தாய் நிறுவனத் தலைமைக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. இறுதிச் சடங்குக்கு நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அதன் பிறகே தொழிலாளர் துறை அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தது. வேலை நேரத்துக்கு வரம்பு விதிக்கும் மாநிலக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யாமலேயே அது 2007 முதல் இயங்கி வந்தது அப்போது தெரியவந்தது. பிற நிறுவனங்களின் கணக்கு வழக்குகள் சட்டப்படி உள்ளனவா என்று சான்றளிப்பதே அந்நிறுவனத்தின் பிழைப்பு என்பதை இங்கே நினைவில் கொள்வது நலம்.

ஒன்றிய நிதியமைச்சர் இந்தச் சாவுக்கு வேறு விளக்கம் தந்தார். செப்டம்பரில் சென்னையை அடுத்த ஒரு கல்லூரி விழாவில் பேசியபோது, அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும், இறைப்பற்றால்தான் அந்த வலிமை வரும் என்ற பொருளில் அறிவுரை கூறினார். எதிர்ப்பு எழுந்ததும் விளக்கமும் அளித்தார். ஆனால் அவர் சொன்னது அமைச்சருடைய சொந்தச் சரக்கன்று. நிறுவனங்களின் மனநல வகுப்புகள் நாள்தோறும் சொல்வதும் அதுவே: வேலை நேரம் மாறாது, நீ மாறு, மூச்சை இழுத்துவிடக் கற்றுக்கொள். வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் அதை 90 ஆக்கினார். இவர்களுடைய நிறுவனங்களும் ஊழியர் நல அறிக்கை வெளியிடத்தான் செய்கின்றன.

எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணாமல் விடுவது

விபத்தை அளக்க நிறுவனங்கள் கையாளும் அளவுகோல், பத்து லட்சம் மனித உழைப்பு மணிக்கு எத்தனை காயங்களால் வேலைநாள் இழக்கப்பட்டது என்பது. கேட்பதற்கு அறிவியல்போலத் தோன்றும். மேலாளருடைய ஊக்கத்தொகை இந்த எண்ணோடு கட்டப்பட்டால் என்ன நடக்கும் என்பதை ஆலைக்குள் இருப்பவர்கள் அறிவர். கட்டுப்போட்ட கையோடு தொழிலாளியை வண்டியில் அழைத்து வந்து அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தால் போதும். வேலைநாள் இழப்பு இல்லை, ஏட்டில் விபத்தும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியின் காயம் ஒப்பந்தக்காரரின் கணக்கு. வெளிப் பட்டறைக்குத் தரப்பட்ட வேலையில் நேர்ந்த சாவு எவருடைய கணக்கும் அன்று.

இந்த அளவுகோலின் தரத்தைக் காட்ட ஒரே நிகழ்வு போதும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். ஏழாண்டுகளாக வேலைநாள் இழப்புக் காயமே இல்லை என்பதைப் பாராட்டுவதற்காக உயரதிகாரிகள் அன்றுதான் அந்த மேடைக்கு வந்திருந்தனர். மேடையின் உரிமையாளரான டிரான்ஸ்ஓஷன் நிறுவனம், தனது வரலாற்றிலேயே பாதுகாப்பில் மிகச் சிறந்த ஆண்டு என்று அதே 2010ஐக் குறிப்பிட்டு அதிகாரிகளுக்கு ஊக்கத்தொகையும் தந்தது. பதினொரு பிணங்கள் அந்த விகிதத்தை அசைக்கவில்லை.

விபத்துக்குத் தொழிலாளியே காரணம் என்ற கோட்பாடும் இந்த அளவுகோலின் உடன்பிறப்புதான். 1931இல் அமெரிக்காவில் ஹைன்ரிச் என்ற காப்பீட்டு நிறுவன அதிகாரி ஒரு நூல் வெளியிட்டார். விபத்துகளில் 88 விழுக்காடு தொழிலாளியின் கவனக்குறைவான செயலால் நேர்பவை, 10 விழுக்காடு மட்டுமே சூழலின் குறைபாட்டால் நேர்பவை என்றார். அவருக்கு ஆதாரம் முதலாளிகளும் மேற்பார்வையாளர்களும் எழுதித் தந்த அறிக்கைகள். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்த 88 இன்றைய ஆலைகளின் பாதுகாப்பு வகுப்புகளில் வேதவாக்காக ஓதப்படுகிறது. 'நடத்தை சார்ந்த பாதுகாப்பு' என்ற பெயரில் தொழிலாளி சக தொழிலாளியைக் கண்காணித்துச் சீட்டு எழுதுவது அதன் நடைமுறை வடிவம்.

இந்தக் கோட்பாட்டின் கோர முகத்தை இந்தியா 1984லேயே கண்டுவிட்டது. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரிலேயே நச்சு வாயுவுக்கு ஒரு தொழிலாளி பலியானார். தொழிற்சங்கம் எச்சரித்தது, சுவரொட்டி ஒட்டியது. 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனியின் சொந்தத் தணிக்கைக் குழுவும் குறைகளைப் பட்டியலிட்டது. செலவைக் குறைப்பதற்காகக் குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டது. டிசம்பர் 2 நள்ளிரவில் வாயு வெளியேறியபோது, அதை எரித்தழிக்க வேண்டிய கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் மடிந்த பிறகு கம்பெனி கண்டுபிடித்த காரணம் என்ன? மனக்குறை கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டிக்குள் தண்ணீரை விட்டுவிட்டார் என்பது!

விரல்களின் மீது ஓடும் கார்

குருகிராம், மானேசர், பரிதாபாத் வட்டாரத்தில் பெரிய கார் நிறுவனங்களின் ஆலைகளைப் பார்த்தால் நலம், பாதுகாப்பு எல்லாம் ஓரளவு மெய்யாகவே தெரியும். தரையில் மஞ்சள் கோடு, தலைக்கவசம், மருத்துவ அறை, ரோபோ. இவற்றைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. பல சங்கங்கள் போராடிப் பெற்றவை. ஆனால் காரின் பெரும்பாலான பாகங்கள் அந்த ஆலையில் உருவாவதில்லை. இரண்டாம், மூன்றாம் அடுக்கில் உள்ள சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் எந்திரத்தின் வாய்க்குள் தகட்டைக் கையால் வைத்து எடுப்பவர்கள்தாம் அவற்றை உருவாக்குகின்றனர். 'சேஃப் இன் இந்தியா' என்ற தன்னார்வ அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் ஆய்வறிக்கைகள் இவ்வட்டாரத்தில் கை நசுங்கி விரல் இழந்த ஆயிரக்கணக்கானோரைப் பதிவு செய்துள்ளன. உத்தரப்பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்களே அவர்களில் மிகுதி. கை உள்ளே இருந்தால் எந்திரம் இறங்காதபடி தடுக்கும் சென்சார் பல எந்திரங்களில் இல்லை. இருந்தாலும் உற்பத்தி வேகத்துக்காக அணைத்து வைக்கப்படுகிறது. உதவியாளராகச் சேர்க்கப்பட்டவர் எந்திரத்தை இயக்க வைக்கப்படுகிறார்.

அவ்வறிக்கைகளில் ஒரு செய்தி மற்றெல்லாவற்றையும் விடக் கொடியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே தரப்பட வேண்டிய ஈஎஸ்ஐ அட்டை, பலருக்கும் விரல் போன பிறகுதான் கிடைக்கிறது. விபத்து நடந்த பின் அவசரமாகப் பதிவு செய்கிறார்கள். அதாவது, வெட்டுப்பட்ட விரலே தொழிலாளியின் சேர்க்கைப் படிவம் ஆகிறது. பெரிய நிறுவனத்தின் அறிக்கையில் இந்த விரல் எங்கும் தென்படாது. அந்த விரல் செய்த பாகம் மட்டும் காரில் ஓடும்.

'ஊழியர் வளர்ச்சி' என்ற தலைப்பிலும் இதே தந்திரந்தான். அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளி அல்லர் என்கிறது. மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 15 விழுக்காடு வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள 2019ஆம் ஆண்டு விதித்திருத்தம் வழிவிட்டது. ஐடிஐ முடித்த இளைஞர் நிரந்தரத் தொழிலாளி நிற்கும் அதே வரிசையில் அதே நட்டைத்தான் முடுக்குகிறார். ஊதியத்துக்குப் பெயர் உதவித்தொகை. ஓராண்டு முடிந்ததும் ஒரு சான்றிதழோடு அவர் வெளியேற, அடுத்த அணி உள்ளே வருகிறது. நிறுவனத்தின் அறிக்கையில் இத்தனை ஆயிரம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்று அது பதிவாகிறது.

ஆய்வாளரை ஆலோசகராக்கிய சட்டம்

இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அரசு ஆய்வாளர்களை உருவாக்கியது. அவர்களில் ஒருவரான லெனார்ட் ஹார்னர் ஆலை முதலாளிகளோடு ஏறத்தாழ கால் நூற்றாண்டு மல்லுக்கட்டினார். 'மூலதனம்' நூலில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தை எழுதிய மார்க்ஸ், இந்த ஆய்வாளர் அறிக்கைகளையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டார். ஹார்னரின் தொண்டை மனமுவந்து பாராட்டவும் செய்தார். முதலாளித்துவ அரசின் ஊழியரே ஆனாலும், ஆலைக்குள் முன்னறிவிப்பின்றி நுழையும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தால் எவ்வளவு உண்மை வெளியே வரும் என்பதற்கு அது சான்று.

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு. ஆய்வாளரின் பெயரே அதில் 'ஆய்வாளர் மற்றும் உதவியாளர்' என்று மாறிவிட்டது. எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பதைக் கணினி வழித் தற்செயல் தேர்வு முடிவு செய்யலாம். மின்சக்தி கொண்டு இயங்கும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற வரையறை 20 ஆக உயர்ந்தது. மின்சக்தி இல்லாத இடத்தில் 20 என்பது 40 ஆனது. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 20 பேரிலிருந்து 50 பேருக்குத் தள்ளப்பட்டன. மானேசரின் பவர் பிரஸ் பட்டறைகளில் எத்தனை பேர் வேலை செய்கின்றனர் என்று பார்த்தால் இந்த எண்கள் யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பது விளங்கும். புதிய தொழிற்சாலைகளுக்குத் தொகுப்பிலிருந்தே விலக்கு அளிக்கவும் மாநில அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. பொருளாதார நடவடிக்கை பெருகுவதற்காகவாம்.

ஆண்டுக்கொரு இலவச மருத்துவப் பரிசோதனை வந்திருக்கிறது, மரணம் நேர்ந்தால் குறைந்தபட்ச அபராதம் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்ந்திருக்கிறது என்று ஆளுங்கட்சியினர் வாதிடுகின்றனர். உண்மைதான். ஆனால் அபராதம் சாவுக்குப் பிறகு வருவது. சாவுக்கு முன்பு தொழிலாளியின் கையில் இருந்தது என்ன, இப்போது இருப்பது என்ன என்பதைத்தான் ஒப்பிட வேண்டும். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அத்தியாயம், அபாயகரமான ஆலைகளில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடமுள்ள பாதுகாப்புக் குழுவை அமைப்பது முதலாளியின் கடமை என்று சட்டத்திலேயே எழுதி வைத்தது. புதிய தொகுப்பில் அரசு ஆணையிட்டால் குழு அமையும். கடமையாக இருந்தது அரசின் விருப்பமாகிவிட்டது.

2025 ஜூன் 30 காலையில் தெலங்கானாவின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் சிகாச்சி மருந்துத் துணைப்பொருள் ஆலை வெடித்தது. 46 பேர் இறந்தது உறுதியாயிற்று. மேலும் 8 பேரின் எச்சம்கூட அடையாளம் காணப்படவில்லை. பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் எனப் பல மாநிலங்களிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். எந்திரங்கள் பழையவை, பெரும் விபத்து நேரக்கூடும் என்று நிர்வாகத்திடம் பலமுறை சொல்லியும் கேட்கவில்லை என இறந்த தொழிலாளி ஒருவரின் குடும்பத்தார் தந்த புகார் முதல் தகவல் அறிக்கையில் பதிவாகியுள்ளது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அதற்குப் பத்து மாதங்கள் முன்பு, 2024 ஆகஸ்ட் 21 அன்று, ஆந்திரத்தின் அச்சுதாபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் எசியன்ஷியா மருந்து ஆலை வெடித்து 17 பேர் மாண்டிருந்தனர். அங்கும் குழு அமைக்கப்பட்டது, இழப்பீடு அறிவிக்கப்பட்டது.

சிகாச்சியில் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. ஆபத்தை அறியாமல் அவர்கள் சாகவில்லை. பாதுகாப்பு வகுப்பு எடுக்காததால் சாகவில்லை. ஆபத்து என்று தெரிந்த எந்திரத்தை நிறுத்த அவர்களுக்கு அதிகாரம் இல்லை. புதிய தொகுப்பின் 14ஆம் பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதும் தொழிலாளி முதலாளிக்கும் ஆய்வாளர் மற்றும் உதவியாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. முதலாளி அதை ஏற்காவிட்டால் விவகாரம் அந்த அதிகாரியிடம் போகும், அவர் முடிவே இறுதியானது. அதுவரை எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். தொழிலாளி அதன் அருகே நின்றுகொண்டிருப்பார்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இல், போபாலுக்கு மூன்றாண்டுகள் முன்பு, நிறைவேறியது. உயிருக்கு உடனடியான, கடும் ஆபத்து என்று நியாயமாகக் கருதி வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் தொழிலாளியைத் தண்டனையிலிருந்து காக்க வேண்டும் என்கிறது அதன் 13ஆம் பிரிவு. 2022இல் அது அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்றாக உயர்த்தப்பட்டது. இந்திய அரசு அதற்கு ஏற்பளிக்கவில்லை. சங்கம் அமைக்கும் உரிமைக்கான 87, கூட்டுப் பேரத்துக்கான 98 ஆகியவற்றுக்கும் ஏற்பளிக்கவில்லை. மூன்றும் ஒரே கதவுக்குப் பின்னால் அடைபட்டிருப்பது தற்செயலன்று. சங்கமில்லாத ஆலையில் எந்திரத்தை நிறுத்துபவர் மறுநாள் வேலையிழப்பார்.

ஆலைப் பகுதிகளில் இயங்கும் தோழர்கள் நிர்வாகத்தின் நலக் குழுக்களைப் புறக்கணிப்பதா, உள்ளே போவதா என்ற கேள்வியை அவ்வப்போது எழுப்புகின்றனர். உள்ளே போகலாம், எதைக் கேட்டுக்கொண்டு போவது என்பது தெளிவாக இருக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தால் நியமிக்கப்படாமல், ஒப்பந்தத் தொழிலாளர்களும் பழகுநர்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நூலிழையில் தப்பிய சம்பவங்களின் பதிவேடு அவர்கள் பார்வைக்கு வர வேண்டும். ஒப்பந்தக்காரரின் கீழ் நேர்ந்த காயமும் முதன்மை முதலாளியின் கணக்கில் ஏற வேண்டும். ஈஎஸ்ஐ பதிவு முதல் நாள் வேலை தொடங்கும் முன் முடிய வேண்டும். ஆபத்தான எந்திரத்தை நிறுத்தியவருக்கு அந்த நேரத்துக்கான ஊதியம் பிடிக்கப்படக் கூடாது. அடுத்த மார்ச் 4 அன்று உறுதிமொழிக்காக வரிசை நிற்கும்போது, இந்தக் கடைசிக் கோரிக்கையை எழுதிய தாளில் நிர்வாகத்தின் கையெழுத்தைக் கேட்கலாம்.